வரவேற்புக் குழுவும் கடைசி பெஞ்சும்

அந்த அந்தோணியார் கோயிலில் வரவேற்புக் குழு அமைத்த நாளிலிருந்து உள்ளே நுழைவது கஷ்டமாகிவிட்டது.

அதற்கு முன்பு அப்படியில்லை. கதவு திறந்திருக்கும். வந்தவர் உட்காருவார், எழுந்து போவார். செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்குக் காரைக்குடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் எல்லா மதத்துக்காரர்களும் வந்து, மெழுகுவர்த்தி ஏற்றி, உப்பும் மிளகும் போட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்குத் திரும்புவார்கள். இதை ஒரு குறையென்று யாரும் நினைத்ததில்லை. கோயில் சாக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. அதற்கு மேல் இடத்தைச் சொல்வது நல்லதல்ல; போனால் உங்களையும் வரவேற்றுவிடுவார்கள்.

மறைமாவட்ட மேலிடத்தில் அந்த ஆண்டை 'வெளியாரை அரவணைக்கும் ஆண்டு' என்று அறிவித்தார்கள். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை அவசரமாகக் கூடியது. அரவணைப்பது என்றால் எப்படி, எவ்வளவு நேரம், ஆணை ஆண்தான் அரவணைக்க வேண்டுமா என்பதில் யாருக்கும் தெளிவில்லை. கடைசியில் பேரவைத் துணைத்தலைவர் சந்தியாகு எழுந்தார். கல்வித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்தே வாழ்ந்தவர்; தான் நுழைந்ததும் ஒரு வகுப்பே எழுந்து நின்று ஒரே குரலில் வணக்கம் சொல்வதுதான் அவர் அறிந்த அன்பு.

அவர் அப்போதுதான் கண்டரமாணிக்கத்தில் ஒரு நகரத்தார் கல்யாணத்துக்குப் போய்வந்திருந்தார். செட்டிமார் வீட்டுக்குள் ஒருவர் நுழைந்தால் வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் தனித்தனியாக அவருக்கு 'வாங்க' சொல்ல வேண்டும், வந்தவர் அத்தனை பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதை அங்கே கண்ணால் கண்டார். மாப்பிள்ளையின் சித்தப்பா மட்டும் தனக்கு வாங்க சொல்லவில்லை என்று ஒரு பெரியவர் பந்தியில் உட்காராமலே காரேறியதையும் கண்டார். அந்தப் பெரியவரின் கோபம் சந்தியாகுவின் மனத்தைத் தொட்டுவிட்டது. நூற்றாண்டுகளாகக் கடல் கடந்து வந்த குருமார்களுக்கெல்லாம் தட்டுப்படாத வழி தனக்குத் தட்டுப்பட்டிருப்பதாகப் பேரவையில் அறிவித்தார்.

அடுத்த செவ்வாய் முதல், சாலையோரக் கேட்டிலிருந்து கோயில் வாசல் வரை இரண்டு பக்கமும் தொண்டர்கள். ஆண்களுக்குச் சந்தன நிறச் சட்டை, பெண்களுக்குச் சந்தன நிறச் சேலை. வெளியார் யார் வந்தாலும் ஒவ்வொருவரும் முகம் பார்த்து, கை கூப்பி, வாங்க. நடுவில் ஒருவர் விட்டுவிட்டால் விருந்தினரைத் திரும்பக் கேட்டுக்குக் கூட்டிப்போய் முதலிலிருந்து.

வெளியாரைக் கண்டுபிடிப்பதற்குப் பயிற்சி முகாமும் நடந்தது. விபூதி, தொப்பி, பர்தா இதெல்லாம் சுலபம். அடையாளம் எதுவும் இல்லாதவர்களைப் பிடிப்பதில்தான் நுட்பம். முழங்காலிட வேண்டிய நேரத்தில் எவன் அரை நொடி அக்கம்பக்கம் பார்க்கிறானோ அவன் வெளியான் என்று சந்தியாகு பாடம் எடுத்தார். இதனால் பூசையில் தூங்கி விழித்த சொந்தப் பங்குக்காரர்கள் சிலரும் பிடிபட்டார்கள். அதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, அதே கோயிலில் கல்யாணம் கட்டிய ஒருவர், மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்டுப் பொன்னாடையோடு வீட்டுக்குப் போனார்.

இந்தக் கோயிலுக்குத்தான் தேனப்பன் கிளம்பினார்.

காரைக்குடியில் மின்விசிறிக் கடை வைத்திருந்தவர். அவர் மனைவி கண்ணம்மை, வரவேற்புக் குழு வருவதற்கு முன்பே, மாசி மாதம் போய்ச் சேர்ந்தாள். கல்யாணமாகி வந்த சில வருஷத்திலிருந்தே செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆனால், "அந்தோணியார் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவாள். சைவக் குடும்பம்தான், ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அவள் வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. "இந்தச் செவ்வாயும் போக முடியல" என்று மட்டும் சொன்னாள்.

ஒரே ஒரு தடவை, பெருமழை பெய்த ஒரு சாயங்காலம், குடையோடு அவளைக் கூட்டிவர அவர் அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்று எட்டிப்பார்த்தார். கடைசி பெஞ்சின் ஓரத்தில், தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் எதன்மீதும் சாய்ந்து அவர் பார்த்ததே இல்லை. வீட்டில் அவள் நிற்பாள், குனிவாள், நடப்பாள். அவரைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்து, சேலையைச் சரி செய்துகொண்டு வந்துவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் கிளம்பி, வீடு காலியான பிறகு தேனப்பனுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. அந்தப் பெஞ்சில், அந்தத் தூணில், அவள் உட்கார்ந்த மாதிரி கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். வேறொன்றுமில்லை.

முதல் செவ்வாய், வழக்கம்போல நெற்றி நிறைய விபூதியோடு போனார். கேட்டில் கால் வைத்ததும், புலியைக் கண்ட வேட்டைக்காரர்கள் போலத் தொண்டர்கள் சிலிர்த்தார்கள். வாங்க. வாங்க. வேறு யாராக இருந்தாலும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். தேனப்பன் நகரத்தார். ஒருவர் வாங்க என்று சொல்லி அதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போக அவர் கால் எழாது. ஒவ்வொருவராக நின்று, பார்த்து, தலையசைத்து, "ஆமா, வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே போனார். முக்கால்வாசி தூரம் போனபோது ஒரு தொண்டருக்குத் தும்மல் வந்து வாங்க விட்டுப்போனது. மன்னிப்புக் கேட்டு, கையைப் பிடித்து, கேட்டுக்குத் திரும்பக் கூட்டிப்போனார்கள். அவர் கோயில் வாசலை எட்டியபோது நவநாள் முடிந்து, கோயில்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் விபூதியை அழித்துவிட்டுக் கிளம்பினார். நினைவு தெரிந்த நாளிலிருந்து வெறும் நெற்றியோடு அவர் வாசலைத் தாண்டியதில்லை. கண்ணாடியில் பார்த்தபோது மனைவியை இழந்த முகம் அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது.

நல்ல வேளையாக, செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் வழி கேட்பதற்காகக் கேட்டில் வேனை நிறுத்தியிருந்தார்கள். தொண்டர் கூட்டம் மொத்தமும் அவர்களிடம் போய்விட்டது. அந்தச் சுற்றுலாக்காரர்கள் கடைசிவரை எந்த வீட்டையும் பார்க்கவில்லை என்று கேள்வி. அந்தச் சந்தடியில் தேனப்பன் உள்ளே நுழைந்துவிட்டார். கடைசி பெஞ்சு கண்ணெதிரே இருந்தது. அதன் முனையில் கையை வைத்தார். அந்த நேரம் பார்த்து எல்லாரும் முழங்காலிட்டார்கள். தேனப்பன் அரை நொடி அக்கம்பக்கம் பார்த்தார்.

அவ்வளவுதான். கைத்தாங்கலாக அவரைக் கொண்டுபோய்ப் பீடத்துக்குப் பக்கத்தில், சனங்களைப் பார்த்த மாதிரி, சிவப்பு மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்த்தினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். சந்தியாகு மைக்கைப் பிடித்தார்.

"அன்பானவர்களே, நம் ஆலயத்தில் வெளியார் என்று யாரும் கிடையாது. அப்படிப்பட்ட வெளியார் ஒருவர் இன்று நம்மிடையே வந்திருக்கிறார். இவரை நாம் வேறாகப் பார்க்கவில்லை. அதனால்தான் இவருக்குத் தனி நாற்காலி. நீங்கள் அனைவரும் தரையிலும் பெஞ்சிலும் இருக்கும்போது இவர் மட்டும் மெத்தையில் இருக்கிறாரே, இதுதான் சமத்துவம்."

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. தேனப்பன் அத்தனை தலைகளுக்கும் மேலாகக் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்க்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. பெஞ்சை ஒட்டிய தூணில், உட்கார்ந்த பெண்ணின் தலை உயரத்துக்கு, உள்ளங்கையகலத்தில் ஒரு கறுப்புக் கறை. தலை எண்ணெய்க் கறை. வருஷக்கணக்காக ஒரே இடத்தில் ஒரே தலை சாய்ந்தால்தான் சுண்ணாம்பில் அப்படி ஊறும். வீட்டில் அவள் தலையணையைக் கூடத் துவைத்துவிட்டார்கள். இந்தத் தூண் மட்டும் அவளை வைத்திருந்தது.

மைக்கை அவரிடம் நீட்டினார்கள்.

"நான் அங்குட்டுக் கடைசில போயி ஒரு ஓரமா உக்காந்துக்கிறேனே" என்றார்.

சபை உருகிவிட்டது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சந்தியாகு மைக்கைப் பிடுங்கினார். "கேட்டீர்களா? கடைசி இடத்தைக் கேட்கிறார்! விருந்துக்கு வந்தவன் கடைசி இடத்தைத் தேடினால் அவனை முன்னால் அழைத்து உட்கார வை என்பதுதான் வேதத்தில் நமக்குச் சொல்லியிருப்பது." நாற்காலியோடு அவரைத் தூக்கி இன்னும் முன்னால் வைத்தார்கள்.

அதற்கடுத்த வாரங்களிலும் அவர் போனார். கடைசி இடத்தைக் கேட்கக் கேட்க நாற்காலி முன்னேறிக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் கேட்டிருந்தால் பீடத்தின் மேலேயே ஏற்றியிருப்பார்கள்.

கடைசியில் பங்குத்தந்தையையே பார்த்துவிடுவது என்று ஒரு காலை வேளையில் போனார். ஃபாதர் அமலதாசன் இளவயசுக்காரர். ஊருக்கு வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. நல்ல மனுஷன், ஆனால் ஒரே நேரத்தில் மூன்று கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். தேனப்பன் எல்லாவற்றையும் சொன்னார். மழையை, குடையை, தூணை. கறையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை; அது அவருக்கும் அவளுக்குமானது என்று தோன்றியது. ஃபாதர் கண் கலங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு நிச்சயம் ஏற்பாடு பண்றேங்க."

அந்த வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது.

ஏற்பாடு பேரவைக்குப் போனது. அங்கே சந்தியாகு வாய்விட்டு அழுதுவிட்டார். இத்தனை வருஷமாக ஒரு வெளியாள் நம் கோயிலில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒரு தடவைகூட நாம் அவளை வரவேற்கவில்லையே என்று மேசையில் குத்தினார். பிறகு கண்ணம்மை வெளியாளா உள்ளாளா என்று விவாதம் நடந்தது. வாராவாரம் வந்தவளை வெளியாள் என்பது எப்படி என்றது ஒரு கட்சி. ஞானஸ்நானம் இல்லாதவளை உள்ளாள் என்றால் வரவேற்புக் குழுவுக்கு வேலை ஏது என்றது இன்னொரு கட்சி. டீ, வடை, மறுபடி டீ ஆன பிறகு, உயிரோடு இருந்தவரை வெளியாள், இறந்த பின் உள்ளாள் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அவள் நினைவாக நல்லிணக்க விழா. விழா முடிந்ததும் சமபந்தி விருந்து. அதில் வெளியாருக்குத் தனிப் பந்தி.

விழா நாளில் தேனப்பனைக் கேட்டிலிருந்து நாதஸ்வரத்தோடு கூட்டிப்போனார்கள். முகப்பு மண்டபத்தில் துணி மூடிய ஏதோ ஒன்று இருந்தது. கத்தரிக்கோலைக் கையில் கொடுத்தார்கள். ரிப்பனை வெட்டினார். துணி விலகியது.

கண்ணாடித் தடுப்புக்குள் கடைசி பெஞ்சு இருந்தது. இழைத்து, வார்னிஷ் அடித்து, புதுப் பெண் மாதிரி மினுங்கியது. மேலே பளிங்குக் கல்லில், 'கண்ணம்மை ஆச்சி நல்லிணக்க இருக்கை. அனைவருக்கும் உரியது.' அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில், 'அமரக் கூடாது.'

தேனப்பன் அந்தக் கல்லை இரண்டு தரம் படித்தார்.

"இதுல செத்த நேரம் உக்காந்துக்கிறலாமா?" என்று சந்தியாகுவிடம் மெதுவாகக் கேட்டார்.

"உக்காந்தா வார்னிஷ் போயிருமே செட்டியாரே" என்றார் சந்தியாகு, நிஜமான வருத்தத்தோடு. "அதுவும் போக, இது வெளியாருக்குன்னு வச்சிருக்கது. நீங்கதான் இப்ப நம்ம வீட்டு ஆளா ஆயிட்டீகளே."

"அப்ப அந்தத் தூணுகிட்டயாவது போயி..."

"பாத்தீகளா? நீங்களே கவனிச்சிட்டீக." சந்தியாகுவின் முகம் மலர்ந்தது. "என்னமோ எண்ணெய்க் கறை, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. ஆச்சி உக்காந்த எடம் அப்படி இருக்கலாமா? இன்னிக்குக் காலைலதான் நல்லாத் தேய்ச்சு, ரெண்டு தரம் பெயிண்ட் அடிச்சோம். செலவைப் பாக்கல."

தேனப்பன் தூண் இருந்த பக்கம் திரும்பினார். அதற்குள் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று கூட்டம் மொத்தமும் பின்பக்கப் பந்தலுக்குத் திரும்பியது. சந்தியாகு மைக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். அந்த நெரிசலில் ஒரு நொடி யாரும் தேனப்பனை வரவேற்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கோயிலுக்குள் நழுவினார்.

பெஞ்சு இருந்த இடத்தில் தரை மட்டும் இருந்தது. கால்கள் நின்ற தடம் நாலு வெளிறிய சதுரமாகத் தெரிந்தது. தூண் பளீரென்று வெள்ளையாக நின்றது. பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறியது. தூணுக்கு அந்தப் பக்கம், சுவரோரம், தரையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முக்காடு போட்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. அவரைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. பக்கத்தில் வைத்திருந்த பையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

தேனப்பன் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் சொடக்கிட்டது. அவளாகத்தான் பேசினாள்.

"கண்ணம்மை ஆச்சி வீட்டுக்காரகதானே நீங்க?"

"ஆமா. நீங்க?"

"லத்தீபா. மையவாடிப் பக்கம் வீடு. இந்தப் பெஞ்சுல அந்தக் கடைசில ஆச்சி, இந்தக் கடைசில நான். இப்ப கேட்டு வழியா வந்தா விட மாட்டேங்கிறாக. சைக்கிள் நிறுத்துற சந்து வழியா வந்துக்கிருக்கேன்."

"அவ இங்க எதுக்கு வருவா? எதும் வேண்டுதலா?"

லத்தீபா யோசித்தாள். "நாங்க பேசிக்கிற மாட்டோம், அண்ணே. வருவோம், இருப்போம், போவோம். ஒரு நா நான்தான் கேட்டேன். ஆச்சி, உங்க ஊருல இல்லாத கோயிலா, இங்குட்டு எதுக்கு வாரீகன்னு. சிரிச்சாக. எங்க வீட்டுல நான் ஆயுசு பூரா எல்லாத்துக்கும் வாங்க சொல்லிக்கிட்டே நிக்கிறேன் லத்தீபா. எங்க போனாலும் எனக்கும் வாங்க சொல்லுவாக, நான் உடனே சிரிக்கணும். இங்கதான் யாரும் ஒண்ணும் சொல்லல. சிரிக்காம இருக்க எனக்கு இந்த ஒரு எடந்தான் இருக்கு அப்படின்னாக."

தேனப்பன் தரையைப் பார்த்தார். எத்தனை கல்யாணம், எத்தனை விசேஷம், வாசலில் நின்று அவள் சொன்ன வாங்க எத்தனை. அவர் பெருமையோடு சொல்லிக்கொள்வார், எங்க வீட்டுல வந்தவுகளுக்கு ஒரு குறை இருக்காது என்று.

"யாருமே ஒண்ணும் கேட்டதில்லையா அவளை?"

"முந்தி ஒரு வயசான சாமியார் இருந்தாரே, செத்துப்போனாரு. அவரு இப்படிப் போவாரு. எங்களப் பாப்பாரு. அந்தா அந்த ஃபேன் சுவிச்சைப் போட்டுட்டுப் போயிருவாரு. அம்புட்டுத்தான்." லத்தீபா மேலே கையைக் காட்டினாள். தூணுக்கு மேலே ஒரு பழைய மின்விசிறி தூசி படிந்து நின்றுகொண்டிருந்தது.

வெளியே ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியது. சந்தியாகுவின் குரல். நம் அன்புச் சகோதரர் தேனப்பன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வெளியார் பந்திக்கு வரவும், மன்னிக்கவும், நம்மவர் பந்திக்கு வரவும், இலை காத்திருக்கிறது, வாங்க, தேனப்பன் அவர்களே, வாங்க, வாங்க. தொண்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். பந்தல் முழுவதும் அவரை வரவேற்றுத் தேடியது.

பக்கக் கதவில் நிழல் விழுந்தது. ஃபாதர் அமலதாசன். அவரைத் தேடித்தான் வந்திருக்க வேண்டும். கை கூப்பி, வாய் திறந்தார். தரையில் உட்கார்ந்திருக்கிற இருவரையும் பார்த்தார். நாலு வெளிறிய சதுரங்களைப் பார்த்தார். புதுப் பெயிண்ட் அடித்த தூணைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி ஒரு வாங்கவின் பாதியில் நின்றது. வயரைப் பிடுங்கியிருப்பார்கள் போலிருக்கிறது. ஊரே திடீரென்று அமைதியானது மாதிரி இருந்தது. மறுபடியும் காலடிச் சத்தம். ஃபாதர் உள்ளே வந்து, அவர்கள் பக்கம் பார்க்காமல், சுவரோரமாக நடந்து சுவிச்சைப் போட்டார். பார்க்காமலே போய்விட்டார்.

மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. எண்ணெய் விட்டு வருஷக்கணக்காகியிருக்கும். எத்தனையோ விசிறி விற்றவருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. இந்தச் சத்தத்துக்குக் கீழேதான் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

தேனப்பன் தூண் பக்கம் நகர்ந்து தலையைச் சாய்த்தார். தரையில் உட்கார்ந்திருந்ததால் அவள் தலை இருந்த இடம் அவருக்கு ஒரு முழம் மேலே இருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. தலைமுடி ஈரமாக ஒட்டிக்கொண்டது. லத்தீபா அதைப் பார்த்தாள். சொல்ல வந்தவள், சொல்லவில்லை.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.